மின்சாரம் ஒரு யூனிட் என்ன விலை?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

அரிசி கிலோ என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார். பாலும் எண்ணெயும் அப்படியே. ஆனால் மின்சாரம் ஒரு யூனிட் என்ன விலை என்று எங்கள் அனந்தபுரத்தில் நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள். நான்கு விதமான விடைகள் கிடைக்கும். கழனியில் மோட்டார் வைத்திருப்பவர், "அதற்கு ஏது விலை? இலவசம்தான்" என்பார். சிறிய ஓட்டு வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் வைத்திருப்பவரும் அதையே சொல்வார். கடைவீதியில் குளிர்பானப் பெட்டி வைத்திருப்பவர் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருப்பவரோ, "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுக்கிறோம்" என்பார். நால்வர் சொல்வதும் உண்மைதான். நால்வருக்கும் மின்சாரம் வருவது ஒரே கம்பத்திலிருந்துதான். அப்படியிருக்க விலை மட்டும் ஏன் இத்தனை விதமாக இருக்கிறது? இதைப் பற்றி நான் படித்தும் பெரியோரிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யூனிட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். 1000 வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். இதை நம் இயற்பியல் பாடத்தில் கிலோவாட் மணி என்கிறோம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒரு யூனிட்டில் சுமார் 16 மணி 40 நிமிடம் எரியும். அதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரியும். 75 வாட் மின்விசிறி 13 மணி 20 நிமிடம் சுழலும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரே மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கழனியில் உள்ள 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். எனவே அந்த மோட்டாருக்கு 3,730 வாட் வேண்டும். நாள்தோறும் 6 மணி நேரம் ஓடினால் 22 யூனிட்டுக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்தில் 1,300 யூனிட்டைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கே அதைவிடச் சற்று அதிகமாகத்தான் செலவாகிறது.

மின்சாரம் வந்த புதிதில் ஊருக்கு ஒரு விலையாக இருந்தது. சென்னை நகரத்துக்கு ஒரு தனியார் கம்பெனி மின்சாரம் வழங்கியது. 1947இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. வேறு சில நகரங்களிலும் தனியார் கம்பெனிகளே உரிமம் பெற்று நடத்தின. அரசின் பங்கு நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் தொடங்கியதிலிருந்து பெருகியது. பிறகு மேட்டூரிலும் பாபநாசத்திலும் அணை நீர் மின்சாரமாயிற்று. 1957 ஜூலை 1ஆம் தேதி சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த அந்தக் காலத்தில் கம்பங்கள் கிராமம் கிராமமாக நடப்பட்டன. 1962இல் நம் பக்கத்து நெய்வேலியில் நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். வாரியம் வந்ததன் பெரிய பயன், மாநிலம் முழுவதற்கும் ஒரே விலைப் பட்டியல் என்ற நிலைதான். இன்று சென்னையில் மாடி வீட்டில் இருப்பவருக்கும் செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் இருப்பவருக்கும் வீட்டு மின்சாரத்தின் விலை விகிதம் ஒன்றே. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. மும்பையில் ஒரே நகரத்துக்குள்ளேயே இந்தத் தெருவுக்கு ஒரு நிறுவனம், அந்தப் பகுதிக்கு வேறொரு நிறுவனம் என்று இருப்பதால் விலையும் வேறுபடுகிறது.

ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு போயிற்று. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு வந்துவிட்டது. அதற்கு முதல் காரணம் கிணறு.

கிணற்றிலிருந்து கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தை எங்கள் ஆயா இன்றும் சொல்வார். இரண்டு மாடுகளும் ஒரு மனிதரும் நாள் முழுவதும் பாடுபட்டு நனைக்கும் நிலத்தை ஒரு மோட்டார் சில மணி நேரத்தில் நனைத்துவிடும். மல்லாட்டையும் நெல்லும் விளையும் எங்கள் பகுதியில் ஆற்றுப் பாசனம் மிகக் குறைவு. ஏரியும் கிணறும்தான் துணை. ஆகவே மோட்டாருக்கு வரும் மின்சாரத்தின் விலை ஏறினால் குடும்பத்தின் கணக்கே மாறிவிடும். 1970இல் அரசு விவசாயத்துக்கான மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியது. கோவை மாவட்டத்தில் நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர் இழந்தார்கள். கட்டணம் ஒரு பைசா குறைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் விலை ஏறியபோது, கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைத் திரளாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு பைசாவுக்காக இத்தனை போராட்டமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். 1,300 யூனிட்டை ஒரு பைசாவால் பெருக்கினால் 13 ரூபாய். அந்நாளில் 13 ரூபாய் என்பது பல நாள் கூலி.

1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆயிற்று. 2003இல் அது நிறுத்தப்பட்டு, 2004இல் திரும்பவும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. எனவே கிணறுகள் எத்தனை யூனிட் எடுத்துக்கொள்கின்றன என்பதை, மோட்டாரின் குதிரைத்திறனைக் கொண்டு மதிப்பிடுகிறார்களே தவிர அளந்து பார்ப்பதில்லை. இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. நீர் மட்டம் கீழே போகப் போக, கிணறு ஆழ்துளைக் கிணறாகிறது. 5 குதிரைத்திறன் போதாமல் ஏழரை வேண்டியிருக்கிறது. அதே அளவு தண்ணீரை மேலே கொண்டுவர முன்னைவிட அதிக மின்சாரம் ஆகிறது. விலை இல்லாததால் இது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. விவசாயிகளுக்கு எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வரும். அது இரவில் வந்தால் டார்ச்சு விளக்குடன் வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். பாம்புக்கு அஞ்சி அஞ்சி நடந்தவர்களுக்குத்தான் அந்த இலவசத்தின் அருமை தெரியும்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். பெற்றோரும் தோழியரும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டால் நல்லது.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் குறிக்கிறார்கள். 2016 மே 23 முதல் எல்லா வீடுகளுக்கும் இந்த இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் எவ்வளவு எரிக்கிறோமோ அதற்குத் தக்கபடி விலை படிப்படியாக ஏறும். 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் விலை உயரவில்லை. 2022 செப்டம்பர் 10இல் ஒரேயடியாக உயர்ந்தது. 2024 ஜூலை 1இல் மறுபடியும் 4.83 சதவீதம் ஏறியது. 2025 ஜூலையில் 3.16 சதவீத உயர்வு வந்தபோது, வீடுகளுக்கான பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. ஆகவே வீட்டு உபயோகத்துக்கு 2024இன் விலைகளே நீடித்தன. அவற்றின்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 பைசா. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 பைசா. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 பைசா.

ஒரு வீட்டில் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 423 ரூபாய். கோடையில் அதே வீட்டில் இரண்டு மின்விசிறிகள் இரவு பகலாகச் சுற்றி, குளிர்பதனப் பெட்டியும் ஓய்வில்லாமல் உழைத்து, 480 யூனிட் ஆகிறது. கட்டணம் எவ்வளவு? இரு மடங்கு என்று சொல்லத் தோன்றும். இல்லை, 1,679 ரூபாய்! மின்சாரம் இரண்டு மடங்கு. பணம் ஏறக்குறைய நான்கு மடங்கு. பங்குனி பிறந்தாலே வீடுகளில் "விசிறியை நிறுத்து, விளக்கை அணை" என்ற குரல் ஓங்குவதற்கு இதுவே காரணம். செஞ்சி மலைகளின் பாறைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் கோடை இரவில் விசிறியை நிறுத்திவிட்டு உறங்குவது எளிதன்று.

இதைவிட வியப்பான கணக்கு ஒன்று உண்டு. எங்கள் கணித ஆசிரியையான சகோதரி இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு எவ்வளவு? 500ஐத் தாண்டியவுடன் பட்டியலே மாறிவிடுகிறது. முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 200 வரையிலான 2 ரூபாய் 35 பைசா படி மறைந்துவிடும். 101 முதல் 400 வரை 4 ரூபாய் 70 பைசா என்றும், 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 பைசா என்றும் ஆகிவிடும். கூட்டிப் பார்த்தால் 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 பைசா! ஓர் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயன்படுத்தியதற்கு இந்தத் தண்டனை. 2022க்கு முன்னால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. அப்போது நிலைக் கட்டணத்தையும் சேர்த்து 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 பைசா. ஆகவே புதிய பட்டியலில் விலை ஏறினாலும் பள்ளம் சற்றுத் தூர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படி விலையை வைப்பதன் நோக்கம் நல்லதே. நிறையச் செலவழிப்பவர் வசதியுள்ளவர். குறைவாகச் செலவழிப்பவர் ஏழை. ஆகவே இவருக்குச் சலுகை கொடுத்து அவரிடம் கூடுதலாக வாங்கலாம் என்பதே அந்த எண்ணம்.

ஆனால் நிறையச் செலவழிப்பது எப்போதும் வசதியுள்ளவர்தானா? இங்கேதான் பின்கட்டில் வாடகைக்கு இருப்பவரின் எட்டு ரூபாய் வருகிறது. ஒரே வளவில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மீட்டர். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்தில் 200 யூனிட்தான் செலவழிக்கிறது. விளக்கு, விசிறி, மிக்ஸி, தொலைக்காட்சி, அவ்வளவே. தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 235 ரூபாய், மூவருக்கும் சேர்த்து 705 ரூபாய். ஒரே மீட்டரில் 600 யூனிட் என்று பதிவாவதால் கட்டணம் 2,880 ரூபாய். ஒருவரும் அதிகமாக எரிக்கவில்லை. ஆயினும் நான்கு மடங்குக்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் இந்தக் கணக்குத் தொல்லையே வேண்டாம் என்று குடியிருப்பவருக்கு ஒரு சிறு மீட்டரை வைத்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால், அந்தக் குடும்பம் 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய் கொடுக்கிறது. 235 எங்கே, 1,600 எங்கே! முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம் என்று அரசு சொல்வது அந்தக் குடும்பத்தின் காதில் மட்டும் விழுகிறது, கைக்கு வருவதில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இரண்டு சமையல் வைத்துக்கொண்டு கூடி வாழும் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். இதற்கு நேர்மாறாக, ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று இணைப்பு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் இலவசம் பெறும் பெரிய வீடுகளும் உண்டு. படிக்கட்டைக் கட்டியவர்கள் மீட்டரைப் பார்த்தார்கள்; மீட்டருக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதைப் பார்க்கவில்லை.

இத்தகைய பள்ளங்கள் நம் மாநிலத்தில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். டில்லியில் 2019 ஆகஸ்டு முதல் மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்றும், 400 யூனிட் வரை பாதிக் கட்டணம் என்றும் வைத்தார்கள். 401ஆவது யூனிட்டில் சலுகை முழுவதும் போய்விடும். கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் உயர்ந்த விலை. கர்நாடகத்தில் 2023இல் மாதம் 200 யூனிட் வரை இலவசமாயிற்று. பீகாரில் 2025 ஆகஸ்டு முதல் மாதம் 125 யூனிட் இலவசம். நமக்கு மிக அருகிலுள்ள புதுச்சேரியில் மின்சாரத்தை ஓர் அரசுத் துறையே வழங்குகிறது. அங்கே மாதந்தோறும் பில் வரும். விலையை நிர்ணயிப்பதும் நம் ஆணையம் அன்று, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரிய வேறோர் ஆணையம். எல்லையில் உள்ள ஊர்களில் ஒரு தெரு தாண்டினால் பட்டியல் மாறிவிடும்.

விலை குறைந்தால் மக்கள் அதிகமாகச் செலவழிப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் இது நன்றாகத் தெரிகிறது. ஹவாய்த் தீவுகளில் எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து எரித்தே பெரும்பகுதி மின்சாரம் எடுத்தார்கள். அங்கே அண்மை ஆண்டுகளில் யூனிட் 40 சென்டுக்கு மேல். ஒரு வீடு மாதம் 500 யூனிட் அளவில்தான் செலவழிக்கிறது. எரிவாயு நிறையக் கிடைக்கும் லூசியானா மாநிலத்தில் விலை சுமார் 12 சென்ட். அங்கே வீட்டுக்கு மாதம் 1,200 யூனிட் ஆகிறது. அமெரிக்க வீட்டின் சராசரி மாதம் ஏறக்குறைய 900 யூனிட். அப்படி ஒரு குடும்பம் அனந்தபுரத்தில் வந்து குடியேறி இரண்டு மாதத்துக்கு 1,800 யூனிட் எரித்தால், நம் பட்டியலின்படி 16,110 ரூபாய் கட்ட வேண்டும். (இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

ஆனால் விலை மட்டுமே செலவைத் தீர்மானிப்பதில்லை. நாடு விடுதலை பெற்ற 1947இல் ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 16 யூனிட்தான் கிடைத்தது. 1961இல் 46. 1985இல் 229. 2023–24இல் 1,395. இந்தக் காலம் முழுவதும் விலையும் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது! விலையோடு வருமானமும் ஏறியது, கம்பங்கள் ஊருக்குள் வந்தன, தொழிற்சாலைகள் பெருகின. இன்றும் பீகாரில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 350 யூனிட்தான். தமிழ்நாட்டில் 1,500க்கு மேல். குஜராத்தில் 2,000க்கும் மேல். பீகார் மக்கள் சிக்கனமானவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கோவை, திருப்பூரில் உள்ளதுபோல் ஆலைகளும், நம் பக்கத்தில் உள்ளதுபோல் மோட்டார் கிணறுகளும் அங்கே குறைவு. 'தலைக்கு இத்தனை யூனிட்' என்று சொல்லும்போது நம் வீட்டு விளக்கோடு எங்கோ ஒரு நூல் ஆலையும் நம் தலையில் ஏற்றப்படுகிறது.

கடல் கடந்து நம் தமிழ் மக்களும் வாழும் இலங்கையில் நடந்தது வேறு. அங்கே மழை பெய்தால் நீர்மின்சாரம். பெய்யாவிட்டால் வெளிநாட்டு நிலக்கரியும் எண்ணெயும். 2022இல் அவற்றை வாங்க அந்நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பல ஆண்டுகளாகக் கட்டணத்தை உயர்த்தாமல் கடனில் ஓட்டி வந்ததன் சுமை முழுவதும் ஒரே சமயத்தில் இறங்கியது. மிகக் குறைவாகச் செலவழிக்கும் வீடுகளுக்கு முதல் 30 யூனிட்டின் விலை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாயாக இருந்தது. 2022 ஆகஸ்டில் அது 8 ரூபாயாயிற்று. 2023 பிப்ரவரியில் 30 ரூபாயாயிற்று! பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் அப்படி ஏறிய விலையைத் தாங்கியவர்கள், இரண்டே விளக்கு வைத்திருந்த ஏழைகள்தாம்.

நம் மாநிலத்திலும் இப்படி ஒரு காலம் இருந்தது. விலை ஏறாமலே விளக்கு அணைந்த காலம் அது. 2008 முதல் சில ஆண்டுகள் மின்சாரத்தின் தேவை, உற்பத்தியை மிஞ்சிவிட்டது. 2012இல் சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். விலைப் பட்டியல் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். எங்கள் அக்காமார்கள் அந்த ஆண்டு மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத்தான் பொதுத் தேர்வு எழுதினார்கள். வடநாட்டில் மின்சாரம் மீந்திருந்தாலும் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னாடு நாட்டின் பொதுக் கட்டமைப்போடு இணைந்தது. கூடங்குளமும் புதிய அனல் நிலையங்களும் அதே காலத்தில் கைகொடுத்தன. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை அதுவரை கண்டிராத 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்று சமாளிக்க முடிந்ததற்குக் காரணம் இந்த இணைப்புகளும், சூரிய ஒளி மின்சாரமும்தான்.

அப்படியானால் இலவசத்துக்கும் சலுகைக்கும் பணம் யார் கொடுக்கிறார்கள்? ஒரு பங்கை அரசு தன் வரிப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடியாகக் கொடுக்கிறது. மற்றொரு பங்கை ஆலைகளும் கடைகளும் கூடுதல் கட்டணமாகக் கொடுக்கின்றன. அதனால்தான் 2023 செப்டம்பர் 25 அன்று சிறு தொழிலகத்தார் மாநிலமெங்கும் ஒரு நாள் கதவடைப்பு நடத்தினார்கள். அதுவும் போதாதபோது மீதி கடனாகிறது. 2017 ஜனவரியில் அரசு மின் நிறுவனத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தானே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிப் போயிற்று. கடைவீதிக்காரரின் பெருமூச்சுக்கு இதுவே விளக்கம். அவருடைய குளிர்பானப் பெட்டி எங்கோ ஒரு கழனிக்கும் எங்கள் வீட்டின் முதல் 100 யூனிட்டுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறது.

வீட்டில் செய்யக்கூடியது எவ்வளவு என்று பார்த்தால், பெரும்பகுதியை முன்னமே செய்துவிட்டோம். 2014இல் அரசு மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பு ஒன்றின் விலை 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய்! குண்டு பல்பு எங்கள் தெருவிலிருந்தே மறைந்துவிட்டது. இனி மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மின்விசிறியில்தான். பழைய விசிறிக்கு 75 வாட். புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். 500இன் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அந்த 40 யூனிட் பெரிது. மாடியில் சூரியத் தகடு வைக்க 2024 பிப்ரவரி முதல் மத்திய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சொந்த மாடி உள்ளவர்களுக்குத்தானே இது?

மாடி இல்லாதவர்களுக்கு வேறொரு வழி விதியிலேயே இருக்கிறது. பலருக்கு அது தெரியவில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் தம் பெயரில் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர் குடியிருக்கும் பகுதி தனியாகப் பிரிந்து, தனி வயரிங்குடன் இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். உரிமையாளர் சம்மதிக்க மறுத்தாலோ, அவர் ஊரில் இல்லாமல் போனாலோ, குடியிருப்பவர் பொறுப்பேற்று ஓர் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்கவும் விநியோக விதித் தொகுப்பில் இடமுண்டு. இணைப்புக்கும் வைப்புத் தொகைக்கும் முதலில் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் கொடுத்துவரும் குடும்பம் தனி மீட்டருக்கு மாறினால் இரண்டு மாதத்துக்கு 1,365 ரூபாய் மீதமாகும். ஆண்டுக்கு ஆறு தடவை. பெருக்கிப் பார்த்தால் 8,190 ரூபாய்.